விருந்தினர் வருமுன் வீடு வேண்டும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)



இசையைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் ஆரணியில் ஒரு பட்டுத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். நான் கேட்டு வளர்ந்த இசை என்பது தறிச் சத்தமும், கோயில் நாதசுரமும், தேநீர்க் கடைப் பாட்டும்தான். சிம்பொனி இசைக்குழு ஒன்றை நான் நேரில் கண்டதில்லை. இதைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோரும் கண்டிருக்க மாட்டீர்கள். அப்படிக் காண முடியாமல் போனது ஏன் என்ற கேள்விதான் என்னை எழுதத் தூண்டியது.

நம் கல்லூரி நூலகத்தில் நாளேடு புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு செய்தி கண்ணில் பட்டது. மும்பையில் உள்ள இந்திய சிம்பொனி இசைக்குழுவின் அடுத்த பருவ நிகழ்ச்சிகளைப் பற்றிய செய்தி அது. எந்தெந்த நாடுகளிலிருந்து இசை நடத்துநர்கள் விருந்தினராக வருகிறார்கள் என்று படத்தோடு போட்டிருந்தார்கள். சென்னைக்கு மார்கழி எப்படியோ, அப்படித்தான் அந்தக் குழுவுக்கு இந்தப் பருவங்கள். ஆண்டின் தொடக்கத்தில் ஒன்று, செப்டம்பரை ஒட்டி ஒன்று என ஆண்டுக்கு இரண்டு.

அன்று மாலை வீட்டுக்கு வந்து, தறியில் இருந்த அப்பாவிடம் சொன்னேன். "அப்பா, பம்பாயில பெரிய கச்சேரி நடக்கப்போவுது. வெளிநாட்டுல இருந்தெல்லாம் கண்டக்டருங்க வராங்க."

நாடாவை நிறுத்தாமலே அப்பா கேட்டார்: "இன்னாடா இது? கச்சேரிக்கு எதுக்குடா கண்டக்டரு? எந்த ரூட்டு பஸ்ஸு?"

அம்மா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால் அடுத்து அவர் கேட்டவை சிரிக்கும்படியான கேள்விகள் அல்ல. "அவரு இன்னா வாசிப்பாரு?" என்றார். ஒன்றும் வாசிக்க மாட்டார், கையில் ஒரு சிறு கோலை வைத்துக்கொண்டு அசைப்பார் என்றேன். "அப்போ வாசிக்கிறவங்களுக்குத் தாளம் தெரியாதா?" என்றார். பதில் சொல்ல முடியாமல் விழித்தேன். மறுநாள் முதல் நூலகத்திலும் கைப்பேசியிலும் தேடத் தொடங்கினேன். தேடியதில் கிடைத்ததைச் சொல்கிறேன்.

சிம்பொனி இசைக்குழு என்றால் 60 பேர் முதல் 100 பேர் வரை மேடையில் அமர்ந்து வாசிப்பது. வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ் எனத் தந்திக் கருவிகள். புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன், டிரம்பெட் எனக் காற்றுக் கருவிகள். பின்வரிசையில் டிம்பனி முரசுகள். தொடங்குமுன் ஓபோ ஒரு சுரம் கொடுக்கும். நொடிக்கு ஏறத்தாழ 440 அதிர்வுகள் கொண்ட அந்தச் சுரத்துக்கு எல்லாரும் சுருதி சேர்ப்பார்கள். ஒவ்வொருவர் முன்னும் அவரவர் பகுதி மட்டுமே எழுதிய தாள் இருக்கும். எல்லாருடைய பகுதியும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிய முழுப் புத்தகம் நடத்துநரிடம் மட்டும்தான் இருக்கும்.

வாசிப்பவர்கள் தாளம் தெரியாதவர்கள் அல்லர். பின் ஏன் நடத்துநர்? இங்கேதான் நாம் படிக்கும் இயற்பியல் உதவிக்கு வருகிறது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. மேடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே எழும் சுரம் இங்கே வந்து சேர ஏறத்தாழ 44 மில்லி நொடி ஆகும். கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் நொடிக்கு 8 சுரம் ஓடும் வேகத்தில், ஒரு சுரத்தின் நேரமே 125 மில்லி நொடிதான். அதில் மூன்றில் ஒரு பங்கு தவறிப்போகும். காதை மட்டும் நம்பி வாசித்தால் கடைசி வரிசைக்காரர் எப்போதும் பின்தங்குவார். ஒளிக்கு அந்தத் தாமதம் இல்லை. ஆகவே எல்லாரும் ஒரே கையைக் கண்ணால் பார்க்கிறார்கள். அந்தக் கைதான் நடத்துநர்.

இந்தக் கோல் வந்த கதையிலும் ஒரு வேடிக்கையான சோகம் உண்டு. பழங்காலத்தில் பிரான்சில் நீண்ட தடியால் தரையைத் தட்டித் தாளம் காட்டினார்கள். அரசவை இசையாளர் லூலி 1687-இல் அப்படித் தட்டும்போது தம் கால்விரலிலேயே இடித்துக்கொண்டார். புண் புரையோடி உயிரையே வாங்கிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் தடி குறுகிச் சிறு கோலாயிற்று.

ஆனால் தாளம் காட்டுவது மட்டுமே நடத்துநரின் வேலை என்றால் ஒரு கடிகாரம் போதும். எங்கே உயரவேண்டும், எங்கே அடங்கவேண்டும், எந்தக் கருவி முன்னே வரவேண்டும், எது பின்னணியில் நிற்கவேண்டும் என்பதை முடிவு செய்பவரும் அவரே. ஒரே இசைப்படைப்பு இரண்டு நடத்துநர் கையில் இரண்டு விதமாக ஒலிக்கும். அதனால்தான் விருந்தினரை அழைக்கிறார்கள். நம் துறைக்குச் சிறப்புச் சொற்பொழிவாற்ற வெளியூர்ப் பேராசிரியர் வரும்போது, தெரிந்த பாடத்திலேயே தெரியாத ஒரு மூலை வெளிச்சமாகிறதல்லவா? அது போல.

இதையெல்லாம் அப்பாவிடம் எனக்குத் தெரிந்த மொழியில் சொன்னேன். சற்று நேரம் யோசித்தவர், "தெருவுல பாவு நீட்டறப்போ நடுவுல ஒரு பெரியவரு நிப்பாரே, அந்த மாதிரின்னு சொல்லு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மைதான். விடியற்காலையில் எங்கள் தெருவில் பாவு நீட்டும்போது, ஆளுக்கொரு பக்கம் பிடித்து நிற்பார்கள். நடுவில் நிற்கும் பெரியவர் நூலைத் தொடமாட்டார். எந்தப் பக்கம் தளர்கிறது, எந்தப் பக்கம் இறுகுகிறது என்று பார்த்துக் குரல் கொடுப்பார். அவ்வளவுதான். அந்தக் குரல் இல்லாவிட்டால் பாவு சிக்கலாகிவிடும்.

பிறகு அப்பா இன்னொன்றும் சொன்னார். "ஆனா மூணு நாளு வந்துட்டுப் போறவருக்கு நம்ம நூலப் பத்தி இன்னாடா தெரியும்? நூலு தெரிஞ்சவங்க உக்காந்திருந்தாத்தான் வந்தவரு கை அசைக்கலாம்."

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது பழமொழி. விருந்தினர் நடத்துநருக்குக் கிடைக்கும் ஒத்திகையும் பெரும்பாலும் மூன்று நான்கு நாள்தான். அந்த நாட்களுக்குள் அவர் அதிசயம் நிகழ்த்த வேண்டுமானால், அவர் வருமுன்பே அங்கே ஒரு குழு இருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வாசித்து, ஒருவர் மூச்சை ஒருவர் அறிந்த குழு. வீடு என்று ஒன்று இருந்தால்தான் விருந்து. இதுவே நான் சொல்ல வந்த கருத்து.

மும்பையில் அந்த வீட்டைக் கட்ட நெடுங்காலம் ஆயிற்று. 1935-இல் மேலி மேத்தா என்பவர் பம்பாய் சிம்பொனி இசைக்குழுவை ஏற்படுத்தினார். அவருடைய மகன்தான் உலகப் புகழ் பெற்ற ஜூபின் மேத்தா. 1936-இல் பம்பாயில் பிறந்த அவர், மருத்துவப் படிப்பை விட்டுவிட்டு 18 வயதில் வியன்னா சென்று இசை கற்றார். 1962 முதல் 1978 வரை லாஸ் ஏஞ்சல்ஸிலும், 1978 முதல் 1991 வரை நியூயார்க்கிலும் மிகப் பெரிய இசைக்குழுக்களுக்குத் தலைமை ஏற்றார். தந்தை தொடங்கிய குழு நிலைக்கவில்லை. 2006-இல்தான், மும்பை தேசியக் கலை மையத்தைச் சேர்ந்த குஷ்ரூ சன்டூக்கும் கஜகஸ்தான் நாட்டு வயலின் கலைஞர் மராத் பிசெங்கலியெவும் சேர்ந்து இந்திய சிம்பொனி இசைக்குழுவை நிறுவினார்கள். சுவிட்சர்லாந்தின் சார்லஸ் துத்வா, இத்தாலியின் கார்லோ ரிட்ஸி, இங்கிலாந்தின் மார்ட்டின் பிராபின்ஸ் போன்றோர் அங்கே விருந்தினராக வந்து நடத்தியிருக்கிறார்கள். 2019-இல் அந்தக் குழு பிரிட்டனுக்கே சென்று வாசித்துவிட்டு வந்தது.

குறையையும் மறைக்கலாகாது. அந்தக் குழுவில் நிலையாக இருந்து வாசிக்கும் இந்தியர் தொகை சிறிதுதான். பருவம் தொடங்கும்போது வெளிநாடுகளிலிருந்து பலர் வந்து சேர்ந்தால்தான் மேடை நிறைகிறது. அதை அவர்களே உணர்ந்துதான் 2012-இல் குழந்தைகளுக்கான இசைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்கள். வீட்டின் சுவர் எழுந்துவிட்டது. கூரை வேய்ந்துகொண்டிருக்கிறார்கள் எனலாம்.

தமிழ்நாட்டில் நிலை என்ன? நம்மிடம் இல்லாதது என்ன? மேலைநாட்டு வயலின், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் வழியாக நம் இசைக்குள் வந்து நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. தஞ்சை சரபோசி மன்னர் அரண்மனையில் மேலைநாட்டு வாத்தியக் குழுவே வைத்திருந்தார். கோடம்பாக்கத்துத் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களில் ஒரு காலத்தில் ஒரே பாட்டுக்கு வரிசை வரிசையாக வயலின் கலைஞர்கள் அமர்ந்து, தாளைப் பார்த்து வாசித்தார்கள். பிறகு கீபோர்டும் கணிப்பொறியும் வந்தன. ஐம்பது வயலினை ஒரே பெட்டி வாசிக்கத் தொடங்கியது. கைத்தறித் தெருவில் விசைத்தறி வந்தால் என்ன ஆகும் என்று ஆரணிக்காரனுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவை எண்ணிப் பாருங்கள். 1993-இல் அவர் எழுதிய சிம்பொனியை லண்டன் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்துப் பதிவு செய்தது. அது வெளிவராமலே போயிற்று. 2005-இல் திருவாசகத்துக்கு அவர் அமைத்த இசையை வாசித்தவர்கள் ஹங்கேரி நாட்டு புடாபெஸ்ட் குழுவினர். 2025 மார்ச் 8 அன்று அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனி லண்டனில் அரங்கேறியது. வாசித்தது மீண்டும் ராயல் பில்ஹார்மோனிக்; நடத்தியவர் மிக்கேல் டாம்ஸ். நாமெல்லாம் மார்தட்டிக்கொண்டோம். தட்டிக்கொள்ள வேண்டியதுதான். தமிழக அரசும் அதே ஆண்டு செப்டம்பரில் சென்னையில் அவருக்குப் பாராட்டு விழா எடுத்தது. ஆனால் ஒரு நெசவாளி மகனாக என் மனத்தில் தோன்றியதைச் சொல்லிவிடுகிறேன். சேலையின் பூவும் கரையும் நாம் வரைந்தது; தறி மட்டும் கடல் கடந்து இருக்கிறது. இத்தனை பெரிய கலைஞர் பிறந்த நாட்டில், அவர் எழுதியதை வாசிக்க நிலையான சிம்பொனிக் குழு ஒன்றை அரசு வைத்திருக்கவில்லையே!

விருந்தினரும் நம்மிடம் வந்ததுண்டு. ஆழிப்பேரலை நம் கரையைச் சூறையாடி ஓராண்டு நிறைந்த 2005 டிசம்பர் 26 அன்று, ஜூபின் மேத்தா சென்னை மியூசிக் அகாடமியில் நினைவுக் கச்சேரி நடத்தினார். கண்ணீரைத் துடைக்க வந்த அந்தக் கைக்கு நாம் என்றும் நன்றியுடையவர்கள். ஆனால் அன்று வாசித்தது யார்? ஜெர்மனியின் பவேரிய அரசு இசைக்குழு. விருந்தினர் அரிசி, பருப்பு, பாத்திரம், விறகு எல்லாவற்றையும் தாமே சுமந்து வந்து சமைத்து, நமக்குப் பரிமாறிவிட்டுப் போனார். அவர் போனபின் அடுப்பு மீண்டும் அணைந்துவிட்டது.

"நமக்கென்று கர்நாடக இசை இருக்கிறது, நாட்டுப்புற இசை இருக்கிறது, நாதசுரம் இருக்கிறது. மேல்நாட்டுச் சங்கீதம் எதற்கு?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். "சோற்றுக்கே தாளம் போடும் ஊரில் சிம்பொனி ஒரு கேடா?" என்று வேறு சிலர் கேட்கிறார்கள். இரண்டுக்கும் என் பதில், என் சித்தப்பாவின் கதை.

சித்தப்பா தறியை விட்டவர். கூலி கட்டுப்படியாகாமல் கல்யாண பேண்டு செட்டில் சேர்ந்து கிளாரினெட் வாசிக்கிறார். முகூர்த்த மாதங்களில் வேலை. ஆடியிலும் மார்கழியிலும் வீட்டில். எழுதிய இசையைப் படிக்க அவருக்குத் தெரியாது. பாட்டைக் காதால் கேட்டு விரலில் பிடித்துக்கொள்வார். ஒருநாள் இரவு, மோட்சார்ட் 1791-இல், தாம் இறந்த அதே ஆண்டில், கிளாரினெட்டுக்கென்று எழுதிய இசையை என் கைப்பேசியில் போட்டுக் கேட்கக் கொடுத்தேன். மெதுவாகச் செல்லும் நடுப்பகுதி. முழுவதும் கேட்டார். மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் முறையும் கேட்டார். "இது நம்ம வாத்தியமாடா?" என்றார். ஆமாம் என்றேன்.

"இருபத்தஞ்சு வருசமா இத ஊதறேன். இதுக்குள்ள இது இருக்குதுன்னு எனக்கு யாருமே சொல்லலையே" என்று சொல்லிக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலை மாடியில் கிளாரினெட் சத்தம் கேட்டது. அந்த மெட்டின் முதல் நான்கு அடிகளைத் தேடிக்கொண்டிருந்தார். ஐந்தாவது அடி பிடிபடவில்லை.

தோழர்களே, அந்த ஐந்தாவது அடியைச் சொல்லிக்கொடுக்க ஆரணியில் ஆள் இல்லை. இது மேல்நாட்டு இசையா, கீழ்நாட்டு இசையா என்ற வழக்கே அன்று. ஒருவன் கையில் ஏற்கெனவே இருக்கும் கருவியின் முழுத் திறமும் அவனுக்குத் தெரியவேண்டுமா, வேண்டாமா என்பதே வழக்கு. சிம்பொனிக் குழு வந்தால் நம் இசை அழியும் என்ற அச்சமும் வேண்டாம். 2015-இல் மும்பைக் குழு, தபேலாவுக்கென்றே ஜாகிர் உசேன் எழுதிய 'பேஷ்கார்' என்ற படைப்பை அவரையே நடுவில் அமர்த்தி வாசித்தது. நாளை ஒரு தவிலும் நாதசுரமும் அந்த இடத்தில் அமரக் கூடாதா?

ஏழ்மையைக் காரணம் காட்டுவோர் வெனிசுலா நாட்டைப் பார்க்க வேண்டும். அங்கே 1975-இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு என்பவர் ஒரு வாகனக் கொட்டகையில் 11 பேரோடு இலவச இசைப் பயிற்சியைத் தொடங்கினார். அது நாடெங்கும் பரவி, ஏழைப் பிள்ளைகள் இலட்சக்கணக்கில் சேர்ந்தார்கள். அங்கே பயின்ற குஸ்தாவோ துதாமேல் 2009-இல், ஜூபின் மேத்தா ஒரு காலத்தில் நின்ற அதே லாஸ் ஏஞ்சல்ஸ் மேடையில் தலைமை ஏற்றார். அதே பயிற்சியில் ஹார்ன் வாசிக்கக் கற்ற ரஃபயேல் பயாரே பின்னர் மும்பைக்கு விருந்தினர் நடத்துநராகவே வந்தார். அந்த நாடு பிற்பாடு எத்தனையோ அரசியல், பொருளாதார இடர்களைக் கண்டது. ஆனாலும் அங்கே விளைந்த கலைஞர்களை எந்த இடரும் திரும்பப் பறித்துக்கொள்ள முடியவில்லை. கொட்டகையில் கற்றுக்கொடுத்ததால் அல்லவா அங்கிருந்து விருந்தினர் புறப்பட்டார்கள்!

நம் நாட்டிலும் விதை இல்லாமல் இல்லை. 2008-இல் ஏ.ஆர்.ரகுமான் சென்னையில் தொடங்கிய இசைக் கல்லூரியும், வசதியற்ற பிள்ளைகளைச் சேர்த்து அவர் அமைத்த 'சன்ஷைன்' இசைக்குழுவும் வணங்கத்தக்க முயற்சிகள். ஆனால் தனி ஒருவர் கிணறு வெட்டலாம். ஆற்றுக்கு அணை கட்ட அரசுதான் வேண்டும். அதற்கு முன்மாதிரி நம் தொழிலிலேயே இருக்கிறது. மேலி மேத்தா பம்பாயில் குழு தொடங்கிய அதே 1935-இல்தான் நெசவாளர் கூட்டுறவு அமைப்பான கோ-ஆப்டெக்ஸ் தோன்றியது. தனித்தனியே கிடந்த தறிகளுக்கு ஒரு பொதுக்கூரை கிடைத்தது. அது எல்லாக் குறையையும் தீர்த்துவிடவில்லை. ஆயினும் அந்தக் கூரை இல்லாதிருந்தால் பல தெருக்களில் தறிச் சத்தம் என்றோ ஓய்ந்திருக்கும்.

ஆகவே என் சிற்றறிவுக்கு எட்டியவரை மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, திருவண்ணாமலை உட்பட 17 இடங்களில் அரசு நடத்தும் மாவட்ட இசைப் பள்ளிகளில் வயலின் ஏற்கெனவே கற்பிக்கப்படுகிறது. அங்கே செல்லோவும் கிளாரினெட்டும், எழுதிய இசையைப் படிக்கும் பயிற்சியும் சேர்க்கப்பட வேண்டும். என் சித்தப்பா போன்ற பேண்டு வாத்தியக்காரர்களுக்கு வேலையில்லாத ஆடியிலும் மார்கழியிலும் அங்கே குறுகிய பயிற்சி தரலாம். அவர்களுக்கு ஊதத் தெரியும். படிக்கச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

இரண்டாவது, தமிழ்நாட்டுக்கென்று மாதச் சம்பளத்தோடு ஒரு நிலையான இசைக்குழு வேண்டும். கோடம்பாக்கத்தில் வேலை குறைந்துபோன மூத்த வயலின் கலைஞர்கள் அதன் முதல் வரிசையில் அமரட்டும். அவர்கள் கண்ணும் கையும் உள்ளபோதே இளையவர்களுக்கு அது கைமாற வேண்டும். தறி நின்ற பிறகு தொழில் கற்றுக்கொள்ள முடியாது.

மூன்றாவது, அந்தக் குழுவின் பருவம் சென்னையோடு முடியக் கூடாது. ஆரணிக்கும் செய்யாறுக்கும் வந்தவாசிக்கும் வரவேண்டும். கல்யாண மண்டபம் போதும். மாணவர்க்குப் பேருந்துக் கட்டணம் அளவே நுழைவுக் கட்டணம் இருக்கட்டும். நம் கல்லூரி நுண்கலை மன்றமும் காத்திருக்க வேண்டியதில்லை. மாதம் ஒரு மாலை, ஒரு ஒலிபெருக்கி வைத்து ஒரு படைப்பைக் கேட்டு, தெரிந்த ஒருவர் விளக்கிச் சொல்லலாம். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

இவ்வளவும் செய்துவிட்டுப் பிறகு விருந்தினரை அழைப்போம். வியன்னாவிலிருந்து வரட்டும், வெனிசுலாவிலிருந்து வரட்டும். வந்தவர் கோலைத் தூக்கும்போது எதிரே அமர்ந்திருப்பது நம் பிள்ளைகளாக இருக்கவேண்டும்.

கட்டுரையை முடிக்குமுன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி. அந்தக் கண்டக்டரு ஆரணிக்கு வந்தா, நீ டிக்கெட்டு எத்தனை எடுப்ப?" என்றார்.

நாலு என்றேன். உனக்கு, அம்மாவுக்கு, எனக்கு, சித்தப்பாவுக்கு.

"சித்தப்பனுக்கு வேணாம்" என்றார் அப்பா. "அவன் மேடையில இருப்பான்."